மிளகு எந்த மலையில் விளைந்தது?

ஏற்காட்டில் எங்கள் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் சிலரும், கீழே சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவும், அவரோடு தொழில் செய்பவர்களும் சேர்ந்து மத்திய வர்த்தக அமைச்சகத்துக்கு ஒரு மனு அனுப்பப் போகிறோம். பக்கத்து நாடுகளோடு ஒரு பொதுச் சந்தை வலுவாக வளர வேண்டுமென்றால் அரசு முதலில் எதைச் செய்ய வேண்டும், எங்களைப் போன்றவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் மனுவின் பொருள். கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "பத்துக் கோரிக்கை வெச்சா பத்தும் ஃபைலுக்குள்ள போயிரும் தம்பி. ஒண்ணே ஒண்ணு கேளுங்க." எல்லாரும் சரி என்றோம். அந்த ஒன்று எது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. எழுதும் வேலை என்னிடம் வந்ததால், இருக்கிற வழிகளை எல்லாம் எடைபோட்டுப் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெரியவர் பிறந்தது இலங்கையின் மாத்தளையில். 1964இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. சிறுவயதில் வந்தவர், இன்று எங்கள் மலையில் இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார். மாத்தளையும் மிளகு விளையும் ஊர். அவருடைய சித்தப்பா பிள்ளைகள் இன்றும் அங்கே வீட்டுத் தோட்டத்தில் மிளகு பறிக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

முதலில் மாமாவின் பேச்சு. "இறக்குமதியையே நிறுத்தச் சொல்லி எழுது மாப்ள, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். அவருடைய கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பின் நாடுகளோடு நாம் செய்த சரக்கு உடன்பாடு 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் தாய்லாந்திலிருந்து வரும் வெள்ளி நகைக்கு வரி இல்லை. மாமா உருக்குகிற வெள்ளிக் கட்டிக்கோ 2024 ஜூலை வரை 15 சதவீதம், அதற்குப் பிறகு 6 சதவீதம் இறக்குமதி வரி. கட்டிக்கு வரி, செய்து முடித்த கொலுசுக்கு வரி இல்லை என்றால் பட்டறைக்காரன் எப்படிப் போட்டி போடுவான்? ஆனாலும் நிறுத்து என்று கேட்பது சரியில்லை. நாம் பயன்படுத்தும் வெள்ளியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதுதான். மாமாவின் மூலப்பொருளுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுத்தவன் செய்த பொருளுக்கு மட்டும் சாத்தச் சொன்னால், அவர்களும் நம் ஜவ்வரிசிக்கும் துணிக்கும் சாத்துவார்கள். அந்த வழியை விட்டுவிட்டேன்.

அடுத்தது, எல்லாரும் முதலில் நினைக்கும் வழி: வரியைக் குறைப்பது. தெற்காசியாவில் இதைத்தான் இருபது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறோம். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985இல் டாக்காவில் தொடங்கியது. தெற்காசியத் தடையற்ற வர்த்தகப் பகுதி என்ற சாஃப்டா உடன்பாடு 2004இல் கையெழுத்தாகி 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பலன் என்ன? இந்த நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிகம் அவற்றின் மொத்த வெளிநாட்டு வணிகத்தில் 5 சதவீதம் அளவில்தான் நிற்கிறது. ஆசியானில் இது 25 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 60 சதவீதத்தை ஒட்டி. உலக வங்கி 2018இல் கணக்குப் போட்டுச் சொன்னது: தெற்காசியாவுக்குள் நடப்பது 23 பில்லியன் டாலர் வணிகம், நடக்கக்கூடியது 67 பில்லியன்.

ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய பொருள்களை 'உணர்திறன் பட்டியல்' என்று ஒதுக்கி வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குத்தான் வரியைக் குறைத்தது. அரசியல் சண்டை வேறு. 2014 காட்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் தலைவர்கள் மாநாடு கூடவே இல்லை. ஆனால் எங்கள் மலையில் எங்களுக்கு வலித்தது இவை எதுவும் அல்ல. வரி குறைந்த ஒரு வழியில்தான் எங்களுக்கு அடி விழுந்தது.

மிளகின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருப்போம். காப்பி விலை சரிந்த வருடத்தில் வீட்டைக் காப்பாற்றுவது அந்தக் கொடிதான். மிளகுக்கு நம் நாட்டின் பொது இறக்குமதி வரி 70 சதவீதம். ஆசியான் உடன்பாட்டில் அது 50 சதவீதம் அளவுக்கு இறங்கியது. சாஃப்டாவில் இலங்கையிலிருந்து வந்தால் 8 சதவீதம். இந்தியா-இலங்கை உடன்பாட்டில், அதாவது 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் தொடங்கியதில், வருடத்துக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. உலகத்திலேயே அதிக மிளகு விளைவிப்பது ஆசியானில் ஒன்றான வியட்நாம். வியட்நாம் மிளகு நேராக வந்தால் 50, கொழும்பில் இறங்கி மூட்டை மாறி இலங்கை மிளகாக வந்தால் 8 அல்லது ஒன்றுமில்லை. இந்த இடைவெளி இருக்கும் வரைக்கும் யாராவது ஒருவர் அந்த மூட்டையை மாற்றத்தான் செய்வார். இதைத்தான் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு என்று எல்லா மிளகு விவசாயிகளும் வருடக்கணக்கில் சொல்லிவந்தார்கள்.

2016இல் கிலோ 600 ரூபாய்க்கு மேல் விற்ற மிளகு 2018இல் 400க்கும் கீழே போனது. முழுக்க இறக்குமதிதான் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். வியட்நாமில் விளைச்சல் பெருகி உலக விலையே விழுந்திருந்தது. ஆனால் சேலம் லீ பஜாரில் வியாபாரி என்னிடம், "உங்க மிளகு நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த விலைக்கு எனக்கு வேற எடத்துல கிடைக்குதே" என்று சொன்னபோது, அந்த 'வேற எடம்' எது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அரசு 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை வைத்தது, பிறகு அதற்குக் கீழான விலையில் இறக்குமதியைத் தடுத்தது. கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அந்த விலைக்கட்டு, மாத்தளையில் உண்மையாகவே மிளகு விளைவித்த பெரியவரின் சொந்தக்காரர்களையும் சேர்த்தல்லவா தடுத்தது? அவர்கள் மிளகில் காரம் கூடுதல், எண்ணெய் எடுக்க நம் ஊர் ஆலைகள் விரும்பி வாங்குவார்கள். வரியில்லாமல் அனுப்பக்கூடிய 2,500 டன்னில் அயல்நாட்டு மிளகு நுழைந்தால் அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய இடமும் போகிறது. ஏமாற்றுபவன் ஒருவன், இழப்பது இரண்டு மலைக்காரர்களும்.

மிளகு மட்டும் இல்லை. அதே இந்தியா-இலங்கை உடன்பாட்டில், வெளியிலிருந்து பாமாயிலை இறக்கி இலங்கையில் வனஸ்பதியாக்கி இங்கே வரியில்லாமல் அனுப்பும் ஆலைகள் முளைத்தன. செம்பிலும் அப்படியே. இந்தியா அளவு வைத்துக் கட்டுப்படுத்தியதும் அந்த ஆலைகள் மூடிப்போய், அங்கே வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பொருள் எங்கே உண்டானது என்பதை உறுதி செய்யாமல் வரியை மட்டும் குறைத்தால், அந்தச் சலுகை அரசியலின் அடுத்த அசைவில் பறிபோகிறது. பறிபோகும்போது ஏழைகள்தான் முதலில் அடிபடுகிறார்கள்.

"அப்படியானால் எல்லா நாடும் வெளி உலகத்துக்கு ஒரே வரி வைத்துவிட்டால் என்ன?" என்று எங்கள் கூட்டத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. வியட்நாம் மிளகுக்குக் கொழும்பிலும் தூத்துக்குடியிலும் ஒரே வரி என்றால் மூட்டை மாற்ற அவசியமே இல்லை. இதற்குச் சுங்க ஒன்றியம் என்று பெயர். ஐரோப்பியர்கள் 1957 ரோம் ஒப்பந்தத்தில் தொடங்கி 1968 ஜூலையில் அதை முடித்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2005இல் தொடங்கின. ஆனால் இங்கே இந்தியா ஒன்றே மற்ற எல்லாரையும் சேர்த்தாலும் பல மடங்கு பெரிது. பொது வரி என்றால் நடைமுறையில் டெல்லி வைக்கும் வரிதான். கொழும்பும் காட்மாண்டுவும் அதற்குச் சம்மதிக்க மாட்டா, சம்மதிக்கச் சொல்வதும் நியாயம் இல்லை. என் காலத்தில் நடக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம் சாலை, துறைமுகம், எல்லைச் சாவடி. சங்ககிரி லாரிக்காரர்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அவர்களுக்கு இதில் அனுபவம் இருக்கிறது. 2017 ஜூலைக்கு முன்னால் ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போக விற்பனை வரிச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். நம் நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலம் சுங்கவரி என்று ஒன்று கிடையாது. அரசியல் சட்டம் நாடு முழுக்கச் சுதந்திரமான வணிகம் என்று 1950இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சரக்கு நின்றது. காகிதத்துக்காக நின்றது. ஜிஎஸ்டி வந்ததும் சாவடி போயிற்று. அதற்கு மாநிலங்களைச் சம்மதிக்க வைத்தது இரண்டு விஷயங்கள்: எல்லா மாநிலமும் உட்கார்ந்து ஓட்டுப்போடும் ஒரு குழு, வருவாய் குறைந்தால் ஐந்து வருடத்துக்கு 14 சதவீத வளர்ச்சிக் கணக்கில் இழப்பீடு. ஜிஎஸ்டியில் எனக்கு எத்தனையோ குறைகள் உண்டு. ஆனால் பொதுச் சந்தை எப்படி உண்டாகிறது என்று சேலத்துக்காரனுக்குச் சொல்ல அதைவிடப் பக்கத்து உதாரணம் கிடையாது.

நாடுகளுக்கிடையில் இந்தக் காத்திருப்பு இன்னும் மோசம். வங்காள எல்லையில் பெட்ராபோல்-பெனாபோல் வழியாகப் பங்களாதேஷுக்குள் ஒரு சரக்கு போய்ச்சேர 138 மணி நேரம் ஆகிறது என்று உலக வங்கி 2021இல் எழுதியது. அதே போன்ற அளவு சரக்கு போகும் கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் முடிகிறதாம். பங்களாதேஷ், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் வண்டிகள் எல்லை தாண்டிப் போக 2015 ஜூனில் திம்புவில் ஒப்பந்தம் போட்டன. சின்ன நாடான பூடான், தன் சாலையையும் மலையையும் நினைத்துத் தயங்கி, அதன் நாடாளுமன்ற மேலவை ஒப்புதல் கொடுக்கவில்லை. எனக்கு அந்தத் தயக்கம் புரிகிறது. மே மாதக் கோடை விழாவுக்கு எங்கள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் வண்டிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஆனால் அந்த 138 மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் என் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதில் சரக்கை ஒரு லாரியிலிருந்து இறக்கி இன்னொரு லாரியில் ஏற்றுவதற்கு ஆவது 28 மணி நேரம். மீதி நேரமெல்லாம் வரிசையிலும் காகிதத்திலும் போகிறது. அப்படியென்றால் சாலையை அகலமாக்கினாலும் வண்டி சீக்கிரம் போய்ச் சேர்ந்து அதே வரிசையில்தான் நிற்கும்.

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் என் நண்பருக்கு நடந்ததும் இதுதான். இங்கே பரிசோதனைச் சான்று வாங்கித்தான் அனுப்பினார். இறங்கிய துறைமுகத்தில் அந்தச் சான்றை ஏற்கவில்லை, மறுபடி மாதிரி எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும் வரை பெட்டி நின்றது, நின்ற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கட்டினார். வரி அவருக்குப் பெரிய தடையாக இல்லை. அந்த வாடகைதான் அவருடைய லாபத்தை முழுக்கத் தின்றது. பெரிய கம்பெனிக்கு அங்கே ஆள் இருக்கும், அவசரத்துக்குப் பேச வக்கீல் இருப்பார். மரவள்ளிக்கிழங்கு அரைக்கிற ஆலைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

ஒருவர் செய்த பரிசோதனையை மற்றவர் ஏற்பது என்ற இந்த வழியில் ஐரோப்பியர்களுக்கு ஒரு வழக்கு உதவியது. பழச்சாராயத்தில் குறைந்தது 25 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும் என்று ஜெர்மனியில் ஒரு விதி இருந்தது. பிரான்சின் கசீஸ் என்ற பானத்தில் அவ்வளவு இல்லை, அதனால் விற்கத் தடை. 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு நாட்டில் சட்டப்படி செய்து விற்கப்படும் பொருளை, மக்கள் உடல்நலம் போன்ற வலுவான காரணம் இல்லாமல் இன்னொரு நாடு தடுக்கக் கூடாது என்றது. சுங்கவரி 1968இலேயே போய்விட்டிருந்தும் ஒற்றைச் சந்தை 1993 ஜனவரியில்தான் வந்தது. இடையில் போன அந்தக் கால் நூற்றாண்டு பெரும்பாலும் இந்த மாதிரி விதிகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதற்குத்தான். இன்னும் அவிழ்ந்தபாடில்லை. ஐரோப்பாவுக்குள் மிஞ்சியிருக்கும் தடைகளை வரியாக மாற்றிப் பார்த்தால் தொழிற்சாலைப் பொருள்களுக்கு 44 சதவீத வரிக்குச் சமம் என்று பன்னாட்டு நாணய நிதியம் 2024இல் மதிப்பிட்டது. வரி பூஜ்யமாக இருக்கும் இடத்திலேயே இப்படி.

நம் பக்கத்திலும் தொடக்கம் இருக்கிறது. சார்க் நாடுகளுக்கென்று ஒரு தர அமைப்பு டாக்காவில் இருக்கிறது. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, 2024 மார்ச்சில் இந்தியாவும் பூடானும் செய்துகொண்ட ஏற்பாடு. பூடானின் உணவு அதிகார அமைப்பு கொடுக்கும் சான்றை நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொள்ளும். இரண்டே நாடு, உணவுப் பொருள் மட்டும். பெரிய மாநாடு எதுவும் தேவைப்படவில்லை.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரு ஆய்வகம் காசுக்குச் சான்று கொடுத்தால் இரண்டு நாட்டுச் சந்தையும் கெடும். ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலப்பது பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் என்று கேட்கக் கூடாது. ஐந்தாறு பொருள், பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட ஆய்வகங்கள், திடீர்ச் சோதனை என்று தொடங்க வேண்டும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் இலங்கையில் டாலர் தீர்ந்துபோனபோது, அங்கே துணி அனுப்பிய சேலத்து வியாபாரி ஒருவருக்குப் பணம் மாதக்கணக்கில் வரவில்லை. வாங்கியவர் நாணயமானவர், கையில் இலங்கை ரூபாய் வைத்திருந்தார், அதை மாற்ற டாலர்தான் இல்லை. அந்த வருடம் ஜூலையில் ரிசர்வ் வங்கி நம் ரூபாயிலேயே வெளிநாட்டு வணிகத்தை முடிக்க வழி செய்தது. 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யுபிஐயும் உண்டு. நல்லது. ஆனால் ஒரு பக்கம் நிறைய விற்று இன்னொரு பக்கம் கொஞ்சமே வாங்கினால், ரூபாய் ஓரிடத்தில் தேங்கிவிடும். மாத்தளை மிளகை நாம் நேர்மையாக வாங்கினால்தான் அவர்கள் கையில் நம் துணிக்குக் கொடுக்க ரூபாய் இருக்கும். ஆக இந்த வழியும் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது பொருளோடு வரும் சான்றை. எங்கே விளைந்தது, எங்கே செய்தது என்பதை இரண்டு நாடும் சேர்ந்து சரிபார்க்கும் ஏற்பாடு முதலில் வேண்டும். அதே சான்றில் தரப் பரிசோதனையும் இருந்து, அதை இறங்குமிடத்தில் ஏற்க வேண்டும். வரிக்குறைப்பு அதற்குப் பின்னால், படிப்படியாக.

பொருள் எந்த நாட்டில் உண்டானது என்று சொல்லும் தோற்றச் சான்று இப்போது இல்லாமல் இல்லை. பாக்கு, மிளகு போன்ற விளைபொருள் முழுக்க அந்த நாட்டிலேயே விளைந்திருக்க வேண்டும் என்பதும், செய்பொருளில் 35 சதவீத மதிப்பு அங்கே சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கின்றன. 2020 செப்டம்பரிலிருந்து, அதற்கான விவரத்தைக் கையில் வைத்திருக்கும் பொறுப்பை நம் சுங்கத்துறை இறக்குமதியாளர் மேல் வைத்திருக்கிறது. ஆனால் சந்தேகம் வந்த பிறகு கேட்கும் கேள்வி அது. நாங்கள் கேட்பது தோட்டத்திலேயே தொடங்கும் கணக்கு. மாத்தளையில் மிளகு விற்கும் விவசாயிக்கு ஒரு பதிவு எண், அவர் விற்ற எடை, ஏற்றுமதியாளர் வாங்கிய எடை, கப்பலில் ஏறிய எடை. இந்த எண்களை இரண்டு நாட்டுச் சுங்கமும் ஒரே திரையில் பார்க்க வேண்டும். விளைந்ததைவிட அதிகமாக ஏறினால் யாரும் பறந்து போய் விசாரிக்க வேண்டியதில்லை, கணக்கே காட்டிக்கொடுக்கும். ஏற்காட்டில் எங்களுக்கும் இதே பதிவை வைக்கட்டும். நாங்கள் தயார்.

மாமாவிடம் இதைக் காட்டினேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை. "இதெல்லாம் வர எத்தனை வருசமோ, அதுவரைக்கும் பட்டறை ஓடணுமே" என்றார். 2025 செப்டம்பரில் அரசு கல் பதிக்காத வெள்ளி நகை இறக்குமதிக்கு 2026 மார்ச் வரை கட்டுப்பாடு வைத்ததைச் சொல்லி, அதை நிரந்தரமாக்கக் கேள் என்றார். நான் அவரிடம் ஒரு கணக்குக் கேட்டேன். ஒரு கிலோ கொலுசில் வெள்ளியின் விலை எவ்வளவு, கூலி, பற்றவைப்பு, மெருகு எல்லாம் சேர்த்து எவ்வளவு? கூலிப் பக்கம் 35 சதவீதத்துக்குக் கிட்டக்கூட வராது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து வாங்கிய கட்டியை நகையாக்கி அனுப்பும் எவராலும் அந்த 35ஐ எட்டுவது கஷ்டம். விதியை ஒழுங்காகச் சரிபார்த்தாலே மாமா கேட்கும் பாதுகாப்பு கிடைக்கிறது, அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கச் சொல்லிக் கெஞ்சாமல். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கட்டுப்பாடு அதுவரைக்கும் தொடரணும்னு ஒரு வரி சேத்துக்க" என்றார். சேர்த்துவிட்டேன்.

வரைவைப் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்தார். இரண்டாவது பக்கத்தில் 'இலங்கை மிளகால் ஏற்பட்ட பாதிப்பு' என்று நான் எழுதியிருந்த இடத்தில் பேனாவை வைத்தார். கோடு போட்டு அடித்து, மேலே 'இலங்கை வழியாக வந்த மிளகால்' என்று எழுதினார். பிறகு இன்னொரு பிரதி கேட்டார், மாத்தளைக்கு அனுப்ப.